தையல் விடல, அதான் தப்பாப்போச்சு

எட்டாம் நம்பருக்கு மார்புச் சுத்தளவு 31, பதினொண்ணுக்கு 30, கோலியா நிக்கிற புள்ளைக்கு 34, தோள் மட்டும் நல்லா அகலம். பேரு என்னன்னு கேட்டீங்கன்னா பாதிப் பேருக்கு எனக்குத் தெரியாது, அளவு நோட்டுல நம்பர் போட்டுத்தான் எழுதி வச்சிருக்கேன். அந்தப் புள்ளைக ஞாயித்துக்கெழமை ஃபுட்பால் மேட்ச் ஆடுறாகன்னு தெரிஞ்சப்போ போய்ப் பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் தோணல, பொய் சொல்லக்கூடாதுல்ல. எட்டாம் நம்பர்தான் சனிக்கெழமை ராத்திரி கடைசி ஜெர்சிய வாங்க வந்துட்டு, "டெய்லரக்கா, நாளைக்கு வந்துருங்க, நீங்க தச்சது ஓடுறதப் பாக்க வேணாமா"ன்னுச்சு. நான் தச்சது கல்யாணத்துக்குப் போயிருக்கு, கோயிலுக்குப் போயிருக்கு, பாதி நாள் பீரோவுக்குள்ள கெடக்கும். ஓடும்னு யாரும் சொன்னதில்ல.

காரைக்குடியில கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு சந்துல நம்ம கடை, ரெண்டு மெஷினு, ஓரம் அடிக்கிற ஓவர்லாக் ஒண்ணு. மாசி பொறந்துட்டா மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்குறவுக துணிதான், கடைக்குள்ள எங்க பாத்தாலும் மஞ்சளாக் கெடக்கும், நூலு மஞ்சள், பாபின் மஞ்சள், சோத்துல கூட மஞ்சப் பிசிறு கெடக்கும். அந்த நேரத்துல கோச் சார் ஒரு அட்டைப் பெட்டியத் தூக்கிட்டு வந்து மேஜை மேல வச்சாரு. பிரிச்சா நீலக் கலர் ஜெர்சி 16, அத்தனையும் ஆம்பளை எம் சைசு. பொம்பளப் புள்ளைக சைசு கேட்டாராம், மொத்தமாக் கிடைக்காதுன்னு சொல்லிட்டாகளாம், இது சல்லிசா வந்துச்சாம், "நீ பிடிச்சுக் குடுத்துரும்மா"ன்னாரு, ஏதோ ரவிக்கையில ரெண்டு தையல் உள்ள அடிக்கிற மாதிரி.

ஜெர்சித் துணியில கை வச்சவுகளுக்குத் தெரியும். பாலியஸ்டர் பின்னல், சாதா ஊசி போட்டா ஒண்ணு இழையைக் குத்திக் கிழிக்கும் இல்லாட்டி தையல் தாவித் தாவி விழும், முனை மழுங்கின பால் பாயிண்ட் ஊசிதான் போடணும். நேர்த்தையல் அடிச்சா பாக்க லட்சணமா இருக்கும், ஆனா போட்டவ ஒரு தடவை கையைத் தூக்குனா படபடன்னு விட்டுரும், ஏன்னா துணி இழுபடும், நூலு இழுபடாது. அதனால ஓவர்லாக் அடிச்சு அதுக்கு மேல பொடிசா ஒரு ஜிக்ஜாக்கும் போட்டேன். அதோட முடிஞ்சிச்சா, இல்ல. 40 இஞ்ச் துணிய 35க்குக் கொண்டு வரணும்னா பக்கத்துக்கு ரெண்டரை இஞ்ச் உள்ள பிடிக்கணும், அப்படிப் பிடிச்சா கைக்குழி எங்கயோ இடுப்புக்கு வந்து நிக்கும், சரி கையைப் பிரிச்சு மேல ஏத்துவோம்னு ஏத்துனா மார்புல இருந்த லோகோ கக்கத்துக்குப் போயிருச்சு. கோச் சார் பாத்துட்டு, "பரவால்லம்மா, ரெஃப்ரி கக்கத்தையா பாக்கப் போறாரு"ன்னுட்டுப் போனாரு. பீசுக்கு 60 ரூவா பேசுனது, பாதி இன்னும் வரல, அது வேற கதை.

அதே பெட்டியில டவுசரும் இருந்துச்சு. வெள்ளை. எட்டாம் நம்பர் ஒருநா தனியா வந்து ரொம்ப நேரம் பட்டன் டப்பாவக் கிண்டிக்கிட்டே நின்னுச்சு, அப்புறம், "அக்கா, இந்த வெள்ளைக்குப் பதிலா வேற ஏதாச்சும்..."ன்னு இழுத்துச்சு. முழுசாச் சொல்லணும்னு இல்ல, நானும் வெள்ளை யூனிஃபார்ம் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போனவதான, மாசத்துல நாலு நாள் பெஞ்சை விட்டு எந்திரிக்காம இருந்தவதான். சாயம் போடலாம்னா பாலியஸ்டர்ல நம்ம வீட்டுச் சாயம் பிடிக்காது. கோச் சாரைக் கூப்புட்டு நேராவே சொல்லிட்டேன். மனுசன் கொஞ்ச நேரம் தரையப் பாத்தாரு, அப்புறம், "எனக்குத் தோணவே இல்லம்மா"ன்னாரு, மறுவாரம் கருநீல டவுசரோட வந்தாரு. இவரு ஒரு ஆளுக்கு மட்டும் தோணாமப் போகல போல. இங்கிலாந்துப் பொம்பளைக டீம் 2022ல வெள்ளை டவுசர் போட்டுத்தான் யூரோக் கோப்பையே ஜெயிச்சிருக்காக, அந்தப் புள்ளைகளும் இதே பயத்த வாய் விட்டுச் சொல்லி 2023ல தான் அவுகளுக்கு நீல டவுசர் வந்திருக்கு. அம்புட்டுப் பெரிய கம்பெனி, அம்புட்டு டிசைனரு, எங்க சந்துக் கடையில பட்டன் டப்பாவக் கிண்டுன மாதிரி அங்கயும் யாரோ ஒருத்தி எதையோ கிண்டிக்கிட்டு நின்னிருப்பா.

சரி மேட்ச்சுக்கு வாறேன். மூணரைக்கு ஆட்டம், நான் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போய்ச் சேரும்போதே வெயிலு பொளந்துச்சு. தேவகோட்டை ரோட்டுல இருந்து உள்ள பிரியிற செம்மண் பொட்டல், ஒரு பக்கம் கண்மாய்க்கரை, இந்தப் பக்கம் சீமைக்கருவை, நெழலுக்குன்னு ஒரே ஒரு வேப்பமரம். கோடு போட சுண்ணாம்பு பத்தாம மீதிய எவளோ வீட்டுக் கோலமாவ வச்சு முடிச்சிருக்கா, போட்ட கை சும்மா இருக்குமா, நட்ட நடு வட்டத்துக்குள்ள அஞ்சு புள்ளி வச்சு ஒரு சிக்குக் கோலம். ரெஃப்ரி வந்து ஒண்ணும் சொல்லாம பூட்ஸ் காலால அழிச்சாரு. வேடிக்கை பாக்க மொத்தமே நாப்பது அம்பது பேரு இருப்பாக, அதுல பாதி பயலுக அடுத்து அவுங்க கிரிக்கெட்டு ஆடணும்னு காத்துக்கிட்டு இருந்தவனுக. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தவுக பெரிய எவர்சில்வர் தூக்குல நீர்மோரு குடுத்து விட்டிருந்தாக, இஞ்சி தட்டிப்போட்டு. எதுத்தாப்புல புதுக்கோட்டைப் பக்கத்து டீமு, செவப்பு ஜெர்சி. எனக்கு முதல்ல பட்டதே அவுக ஜெர்சி அத்தனை பேருக்கும் தோள்ல சரியா உக்காந்திருந்ததுதான், பொறாமையா இருந்துச்சு.

பாதிக்கு 30 நிமிசம் ஆட்டம். முதல் பத்து நிமிசம் பந்து எங்க இருக்குன்னே நான் பாக்கல. புள்ளைக கையத் தூக்குனா கக்கத்தப் பாக்குறேன், குனிஞ்சா முதுகப் பாக்குறேன், நாலாம் நம்பர் ஒருத்தி தோளோட தோள் மோதிக் கீழ விழுந்து எந்திரிச்சப்போ எல்லாரும் "அடிபட்டுச்சா"ன்னு எட்டிப் பாக்குறாக, நான் மட்டும் வலப்பக்கத் தையல் விட்டுச்சான்னு பாக்குறேன். எம் பக்கத்துல பதினாலாம் நம்பர் உக்காந்திருந்துச்சு, சப்பு, அதாவது மாத்து ஆளு, ஒம்பதாங் கிளாஸ், அதுதான், "அக்கா, பந்தப் பாருங்கக்கா, ஜெர்சி எங்கயும் போயிராது"ன்னுச்சு.

அந்தப் பக்கம் ஒரு அண்ணே. நல்ல மனுசன்தான், நம்ம புள்ளைக தப்பா அடிச்சாலும் கை தட்டுறாரு, அவுட்டுல அடிச்சாலும் கை தட்டுறாரு, "பாவம், பொம்பளப் புள்ளைக, இந்த வெயில்ல ஓடுறதே பெருசு, இதெல்லாம் இப்ப வந்த பேஷன்தான"ன்னு எங்கிட்டயும் சொன்னாரு. பதினாலு மொகம் சுண்டிப் போச்சு. இதே பொட்டல்ல பயலுக ஆடும்போது பாஸ் தப்புனா என்னென்ன வார்த்தை வரும்னு காரைக்குடிக்காரவுகளுக்குத் தெரியும், அதுல பாதிய எழுத முடியாது. திட்டுனா வலிக்கும்தான், ஆனா திட்டுறவன் நீ அடிச்சிருக்கலாம்னு நம்புறான்ல. அப்ப எனக்குப் பதில் சொல்ல வாய் வரல, ராத்திரி செல்லுல தேடிப் பாத்தேன். 1920 டிசம்பர்ல இங்கிலாந்துல லிவர்பூல்ல பொம்பளைக ஆடுன ஒரு மேட்ச்சுக்கு 53,000 பேரு வந்திருக்காக, ஆடுனதுல ஒரு டீமு ஃபேக்டரியில வேலை பாத்த பொம்பளைக, வசூலான காசு தர்மத்துக்கு. அடுத்த வருசமே அங்க இருக்குற ஃபுட்பால் சங்கம், பொம்பளைக ஆட்டத்துக்கு எந்தக் கிளப்பும் மைதானம் குடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, அந்தத் தடை எடுபட 1971 ஆச்சு. நம்ம ஊரு மட்டும் என்ன, 1980 ஜனவரியில கோழிக்கோட்டுல நடந்த ஆசியப் போட்டி பைனல் வரைக்கும் நம்ம இந்தியாப் பொம்பளைக போயிருக்காக. இப்ப வந்த பேஷனாம். அண்ணே இதைப் படிச்சா மேல உள்ளதத் திருப்பிப் படிங்க.

கோல் விழுந்தது இருபதாவது நிமிசம் இருக்கும், நமக்குத்தான். கார்னரு. நம்ம கோலி புள்ளைக்கு டீம் ஜெர்சி கெடையாது, கோலிக்கு வேற கலரு இருக்கணுமாம், அதனால அவ அண்ணன் முழுக்கை டீசர்ட் ஒண்ண எடுத்துட்டு வந்து குடுத்திருந்தா, கிளிப்பச்சை. உடம்பைப் பிடிச்சேன், கைய நாளைக்குப் பாப்போம்னு விட்டேன், அந்த நாளைக்கு வரல. அவ ஒவ்வொரு தடவையும் கைய முழங்கை வரைக்கும் சுருட்டி விடுறா, அது நிமிசத்துல எறங்கி விரலை மூடுது, கார்னர் அடிக்கும்போதும் சுருட்டிக்கிட்டுத்தான் இருந்தா. பந்து வந்துச்சு, எட்டிப் பிடிச்சா, சரியாக் கையிலதான் விழுந்துச்சு, அந்தத் தொங்குன துணியில பட்டு வழுக்கி முன்னாடி விழ, செவப்பு ஜெர்சி ஒருத்தி சும்மா காலை நீட்டுனா. 0-1. அண்ணே கை தட்டுறாரு, "பரவால்லத்தா பரவால்ல"ன்னு. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருச்சு. ரெண்டு இஞ்சு. ரெண்டே ரெண்டு இஞ்சு மடிச்சு அடிச்சிருந்தா, அஞ்சு நிமிச வேலை.

இடைவேளை விட்டதும் நான் பாட்டுக்கு உள்ள போயிட்டேன், யாரக் கேக்கணும்னும் தெரியல. பைக்குள்ள எப்பவும் ஊசி, கத்திரி, டேப்பு இருக்கும். கோலி புள்ள வேப்பமரத்து வேர்ல உக்காந்து மண்ணப் பாத்துக்கிட்டு இருந்தா, அழுகல, அழுகுற மொகமும் இல்ல, உதட்டை மட்டும் கடிச்சுக்கிட்டு இருந்தா. "கைய நீட்டுத்தா"ன்னேன். நீட்டுனா. உள்பக்கமா ரெண்டு இஞ்ச் மடிச்சு ஓட்டுத்தையல் போட ஆரம்பிச்சேன், போடும்போதுதான் பாக்குறேன், பையில இருந்த ஒரே நூலுகண்டு மஞ்சள். கிளிப்பச்சையில மஞ்சள், பாக்கச் சகிக்கல. வேர்வையில துணி ஈரம், ஊசி நகரமாட்டேங்குது, அவ கையில செம்மண்ணு அப்பி நெகத்துக்குள்ளல்லாம் இருக்கு, மணிக்கட்டுல பழைய தழும்பு ஒண்ணு. கோச் சார் பின்னாடி நின்னு "ஏறி ஆடுங்க, பின்னாடி கூட்டம் போடாதீங்க"ன்னு ஏதேதோ சொல்லிக்கிட்டு இருக்காரு, எனக்குக் காதுல விழுது மண்டைல ஏறல. ரெண்டாவது கை முடிக்கிறதுக்குள்ள விசில் அடிச்சிட்டாக, பல்லால நூலைக் கடிச்சு விட்டேன், வாயெல்லாம் உப்பு. அவ எந்திரிச்சு ரெண்டு கையையும் மேல தூக்கிப் பாத்தா. எறங்கல. சிரிச்சா.

அதுக்கப்புறம் நான் தையலைப் பாக்கவே இல்ல. பதினாலு எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு, நடுநடுவுல அது பெருமையும். தமிழ்நாட்டுப் பொம்பளைக டீம் 2018லயும் 2023லயும் நேஷனல் சாம்பியனாம், ரெண்டு பைனலும் 2-1. மதுரைப் பக்கத்து சேது எஃப்சி கிளப்பு 2019ல பொம்பளைக இந்தியன் லீக்கே ஜெயிச்சிருக்காம், நம்ம ஊர்ல இருந்து ரெண்டு மணி நேரத் தூரம், எனக்கு இது ஒண்ணுமே தெரியாது, வருசம் முழுக்க ஐபிஎல் ஸ்கோர் மட்டும் கேக்காமலே வந்து சேருது. இந்தியாவுக்கு ஆடுன கடலூர் இந்துமதி போலீஸ்ல எஸ்.ஐ.ன்னு சொல்லும்போது பதினாலு குரலே மாறிருச்சு. "உனக்கும் எஸ்.ஐ. ஆகணுமா"ன்னேன். "மொதல்ல இன்னைக்கு எறக்கி விடட்டும்க்கா"ன்னுச்சு.

நம்ம கோல் வந்தது ஒரு த்ரோவுல. நாலாம் நம்பர் கோட்டுல நின்னு நீட்டமா எறிஞ்சா, பதினொண்ணு அவுக பேக்கு ரெண்டு பேருக்கும் பின்னாடி தனியா நிக்கிது, வாங்கித் திரும்பி ஒரே அடி, சவுக்குக் கம்பத்துல உள்பக்கம் பட்டு உள்ள போச்சு. செவப்பு டீமு மொத்தமும் கையத் தூக்கிக்கிட்டு "ஆஃப்சைடு ஆஃப்சைடு"ங்குது, அதாவது காக்குற ஆளுகளத் தாண்டி முன்னாடியே போய் நின்னு பந்து வாங்குனா தப்பாம், அண்ணேயும் பெருமூச்சு விட்டு, "ஆஃப்சைடுதான், பாவம்"ங்குறாரு. பதினாலு எந்திரிச்சு நின்னு தொண்டை கிழியக் கத்துச்சு: "த்ரோவுக்கு ஏதுங்க ஆஃப்சைடு!" ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டிட்டாரு. 1-1. அண்ணே பதினாலை ஒரு மாதிரி பாத்தாரு, அப்புறம், "கார்னருக்கு உண்டா"ன்னு மெதுவாக் கேட்டாரு. "அதுக்கும் கெடையாது, கோல் கிக்குக்கும் கெடையாது." அதுல இருந்து அண்ணே கை தட்டல, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, "ஏய் ஆறு, எங்கத்தா பாத்துக்கிட்டு இருக்க, உன் ஆளை விட்டுட்டு"ன்னு சத்தம் போட ஆரம்பிச்சாரு. ஆறாம் நம்பர் திரும்பி ஒரு மொறை மொறைச்சுச்சு, ஆனா ஓடுச்சு.

கடைசி அஞ்சு நிமிசம். எட்டாம் நம்பர் நடுவுல இருந்து பந்த எடுத்துக்கிட்டு ரெண்டு பேரைத் தாண்டிட்டா, பாக்ஸுக்குள்ள நொழைஞ்சுட்டா, முன்னாடி கோலி மட்டும்தான். அப்பத்தான் பின்னாடி வந்த செவப்பு ஜெர்சி எட்டி இவ எடப்பக்க இடுப்புல கொத்தா அள்ளிப் பிடிச்சு இழுத்துச்சு. நாங்க நின்ன பக்கம், பட்டப்பகல்ல, ஒரு முழம் நீளத்துக்குத் துணி இழுபட்டு வருது. இவ விழாம இழுத்துக்கிட்டே ஓடி அடிச்சா, அடியில வேகம் இல்ல, பந்து உருண்டு கோலி கைக்குப் போயிருச்சு. ரெஃப்ரி அந்தப் பக்கம், நடுவுல நாலு பேரு மறைக்கிறாக. நாங்க பெனால்ட்டி பெனால்ட்டின்னு கத்துறோம், கோச் சார் கோட்டுக்கே ஓடிப் போயி, "சார், ஜெர்சியப் பிடிச்சு இழுத்தாக சார்"ங்குறாரு. ரெஃப்ரி எட்டாம் நம்பரைக் கூப்புட்டு, இடப்பக்கம் பாத்தாரு, வலப்பக்கம் பாத்தாரு. "எங்க இழுத்தாக? ஜெர்சி நல்லாத்தான இருக்கு. இழுத்திருந்தா கிழிஞ்சிருக்கும்ல?"

ஓவர்லாக்குக்கு மேல ஜிக்ஜாக். ஒரு இழை விடல. பதினாலு மெதுவாத் திரும்பி என்னப் பாத்துச்சு. வாழ்க்கையில என் தையலை ஒரு ஆம்பளை இம்புட்டுக் கூர்ந்து பாத்து நல்லாருக்குன்னு சொன்னது அன்னைக்குத்தான்.

1-1லயே முடிஞ்சு டைபிரேக்கர், ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பெனால்ட்டி. அதுலயும் ஒரு கூத்து. பெனால்ட்டி அடிக்கிற புள்ளி கோலமாவுல போட்டது, ஓடுன ஓட்டத்துல அழிஞ்சே போச்சு. ரெஃப்ரி பன்னெண்டு எட்டு வச்சு இங்கன்னாரு, அவுக கோச்சு, உங்க எட்டு சின்ன எட்டு, 11 மீட்டர் வரலன்னாரு. நான் பையில இருந்து டேப்ப எடுத்து நீட்டுனேன். 150 சென்ட்டிமீட்டர் டேப்பு, ஏழு தடவை வச்சு மேல ஒரு அரை மீட்டர், ரெஃப்ரி ஒரு முனை நான் ஒரு முனை, மண்ணுல குத்தவச்சு நகந்து நகந்து அளந்தோம். ஒரு சாணுக்கு மேலயே கொறைஞ்சுதான் இருந்துச்சு. கிரிக்கெட்டுக்குக் காத்திருந்த பயலுக அப்பத்தான் எந்திரிச்சு வந்து நின்னானுக.

1999 பொம்பளைக உலகக் கோப்பை பைனல்லயும் இப்படித்தான் டைபிரேக்கர் ஆச்சாம், அமெரிக்காவும் சீனாவும், 90,185 பேரு பாத்திருக்காக, கடைசி அடியப் போட்டு ஜெயிச்ச பிராண்டி சாஸ்டெயின் ஜெர்சியக் கழட்டிக் கையில சுத்திக்கிட்டு மண்டி போட்ட போட்டோ உலகம் பூரா போச்சு. பதினாலு சொன்னது, இப்ப அப்படிக் கழட்டுனா மஞ்சக் கார்டு. அதுக்கெல்லாம் நமக்கு வேலை வரல. மஞ்ச நூல் கையோட நம்ம கோலி ரெண்டு பந்தத் தட்டி விட்டா, அதுல ஒண்ணு நல்லாத் தாவி விரல் நுனியில, அண்ணே துண்ட மேல தூக்கிப் போட்டாரு. ஆனா நம்ம புள்ளைக மூணு பேரு விட்டுட்டாக. அஞ்சாவது அடி எட்டாம் நம்பருது, கம்பத்துக்கு மேல. 2-3. பதினாலை எறக்கவே இல்ல.

"அதை ஓரத்துல வச்சு அடிக்க வேண்டியதுதானத்தா, ஆகாசத்துலயா அடிப்பாக"ன்னு அண்ணே எட்டாம் நம்பரைப் பாத்து நேராவே கத்துனாரு. அது அழுதுக்கிட்டே, "தெரியும்ணே"ன்னு திருப்பிக் கத்துச்சு. ஆச்சி வீட்டு மோரு தீந்து போயி வெறும் இஞ்சி மட்டும் அடியில கெடந்துச்சு.

திங்கக்கெழமை சாயங்காலம் எட்டும் கோலியும் ஒண்ணா வந்தாக, ஜெர்சிய ஒரு கட்டைப்பையில போட்டுக்கிட்டு. தொவைச்சும் செம்மண் போகல, நீலம் ஒரு மாதிரி பழுப்பா மாறிக் கெடக்கு. எட்டாம் நம்பர் ஜெர்சிய மேஜைல விரிச்சேன். எடப்பக்க இடுப்புல துணி தொய்ஞ்சு கெடந்துச்சு, நாலு விரலு பிடிச்ச எடம் நாலு மேடாத் தனித்தனியாத் தெரியுது, இஸ்திரி போட்டாலும் போகாது, பாலியஸ்டர் ஒரு தடவை இப்படி இழுபட்டா திரும்பி வராது. அதை ஒட்டி என் தையல், நேர்கோடு.

"அக்கா," எட்டு தொண்டையச் செருமுச்சு. "அடுத்த தடவை இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் லூசாத் தைங்க."

நான் சிரிச்சிட்டேன், அது சிரிக்கல, நெசமாத்தான் கேட்டிருக்கு. கோலி புள்ள டீசர்ட்டை நான் இழுத்து, அந்த அசிங்கமான மஞ்சளைப் பிரிச்சிட்டுப் பச்சை நூல்ல மெஷின்ல அடிச்சுத் தாறேன்னேன். வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டா.

"அதுல கை வைக்காதீங்கக்கா. அதுக்கப்புறம் ஆட்டத்துல ஒரு கோல் கூட வாங்கல."